யாரும் ஜெயிக்க வேண்டாம் என்பவர்

கால்பந்து பார்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. நம் அணி ஜெயிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பக்கத்து ஊர் அணி தோற்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இதற்குத்தான் உறுப்பினர் அதிகம். இரண்டிலும் சேராத ஒரு பிரகிருதி வட இங்கிலாந்தில் வாழ்ந்தார். எந்த அணியின் மேலும் அவருக்குப் பாசம் கிடையாது, பகையும் கிடையாது. சனிக்கிழமை நடக்கும் ஐம்பது சொச்சம் ஆட்டங்களில் எட்டே எட்டு ஆட்டத்தில் ஒருவரும் ஜெயிக்காமல் இருந்துவிட்டால் போதும். கடன் தீரும், கடற்கரையில் பங்களா வரும், மேஸ்திரியிடம் சொல்வதற்காகப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் நாலு வார்த்தையைத் திங்கட்கிழமை காலையில் சொல்லிவிடலாம்.

அவரை டிராக்காரர் என்போம். லிவர்பூல் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், யார்க்‌ஷயரில் நிலக்கரி வெட்டுபவர், லங்காஷயரில் தறி ஓட்டுபவர் என்று தெருவுக்கு நாலு டிராக்காரர்கள் இருந்தார்கள்.

இவர்களைப் படைத்த பிரம்மா ஜான் மூர்ஸ். தந்திக் கம்பெனி ஊழியர். 1923ஆம் ஆண்டு இரண்டு நண்பர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு 50 பவுண்டு போட்டு, லிட்டில்வுட்ஸ் என்ற பெயரில் கால்பந்துப் பந்தயக் கூப்பன் அச்சடித்தார். மான்செஸ்டர் யுனைடெட் மைதான வாசலில் 4,000 கூப்பன்களை விநியோகித்தார்கள். திரும்பி வந்தவை 35. நண்பர்கள் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு விலகினார்கள். மூர்ஸ் விலகவில்லை, கோடீஸ்வரர் ஆனார். 1946இல் ‘டிரெபிள் சான்ஸ்’ வந்தது. ஆட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராவில் முடிந்தால் மூன்று புள்ளி, யாராவது ஜெயித்துத் தொலைத்தால் அதைவிடக் குறைவு. எட்டும் டிரா என்றால் 24 புள்ளி. அதற்கு மேல் மனிதப் பிறவிக்கு எட்டக்கூடியது ஒன்றும் இல்லை என்பது டிராக்காரரின் வேதாந்தம்.

வாரத்தின் நடுவில் கூப்பன் வரும். சாப்பாட்டு மேஜையிலிருந்து பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அகற்றப்படும். மூக்குக் கண்ணாடி, பென்சில், பழைய முடிவுகளை எழுதி வைத்த நோட்டு ஆகியவை அந்த இடத்தில் குடியேறும். முதல் வேலை, கூப்பனில் ‘விளம்பரம் வேண்டாம்’ என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவது. பரிசு விழுந்தால் பெயர் பத்திரிகையில் வராமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆயுளில் பத்துப் பவுண்டுக்கு மேல் விழுந்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்களே என்ற கவலையில் எந்த வாரமும் அவர் அந்தக் கட்டத்தை மறந்ததில்லை. இதற்கு ஒரு முன்னுதாரணமும் வைத்திருக்கிறார். காஸில்ஃபோர்டின் சுரங்கத் தொழிலாளி கீத் நிக்கல்சனுக்கு 1961இல் 1,52,319 பவுண்டு விழுந்தது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, செலவு செய்யப் போகிறோம் என்று அவர் மனைவி விவ் சொல்லி, சொன்னபடியே செய்து காட்டினார். சில ஆண்டுகளில் பணம் போன இடம் தெரியவில்லை. “பணம் போனது பெரிசில்லை, ஊருக்கே தெரிந்து போச்சே!” என்பார் டிராக்காரர்.

அடுத்தது தேர்வு. இங்கேதான் அவருடைய மேதை விளங்கும். எந்த ஆட்டத்தைக் காட்டினாலும் அது ஏன் டிராவில் முடியும் என்று அவரால் சொல்ல முடியும். எவர்டனும் லிவர்பூலுமா? ஒரே ஊர், விட்டுக்கொடுக்க மாட்டார்கள், டிரா. பட்டியலின் நடுவில் இருக்கும் இரண்டு அணிகளா? மேலே போகவும் வழியில்லை, கீழே விழவும் பயமில்லை, யாருக்கு வந்த விருந்தோ என்று ஆடுவார்கள், டிரா. முதலிடத்தில் இருப்பவனும் கடைசியில் இருப்பவனுமா? முன்னவனுக்கு அலட்சியம், பின்னவனுக்கு உயிர் பயம், டிரா. மழை பெய்தால் சேற்றில் பந்து நகராது. வெயில் அடித்தால் ஆட்டக்காரன் நகரமாட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘முறை வந்துவிட்டது’ என்ற சித்தாந்தம். ஓர் அணி ஏழு ஆட்டமாக டிரா செய்யவில்லையா? இந்த வாரம் செய்தே தீர வேண்டும், முறை வந்துவிட்டது. சரி, இன்னோர் அணி தொடர்ந்து நான்கு ஆட்டம் டிரா செய்திருக்கிறதே? அதுவும் டிராதான், பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் இந்த முரண்பாட்டைக் கேட்டுவிட்டான். “தம்பி, ரெண்டும் ஒண்ணில்லை. அது முறை, இது பழக்கம். நாற்பது வருஷம் கூப்பன் நிரப்பினால் வித்தியாசம் தெரியும்” என்றார். பையன் அதற்கு மேல் கேட்கவில்லை. வளர்ந்த பிறகு அவனும் கூப்பன் நிரப்ப ஆரம்பித்தான்.

டிராக்காரருக்குக் கணக்கு வராது என்று சொன்னால் பாவம். பள்ளிக்கூடத்தில் பின்னம் வராமல் அடி வாங்கியவர், ‘பெர்ம்’ என்று வந்துவிட்டால் பேராசிரியர். பத்து ஆட்டத்தைக் குறித்து அதில் எந்த எட்டு வந்தாலும் சரி என்று கட்டினால் 45 வரி, அதாவது 45 தனித்தனிப் பந்தயம். பதினொன்று என்றால் 165. பன்னிரண்டு என்றால் 495. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரிடம் சொல்லக் கூடாத கணக்கு ஒன்று உண்டு: 55 ஆட்டங்களிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுக்க 121 கோடியே 75 லட்சத்துக்கும் மேல் வழிகள் இருக்கின்றன. அந்த வாரம் பன்னிரண்டு டிரா விழுந்தாலும்கூட, ஒரு வரிக்கு எட்டும் சரியாக அமைய வாய்ப்பு ஏறக்குறைய 24 லட்சத்து 60 ஆயிரத்தில் ஒன்று. தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால், “அந்த ஒன்று யாருக்காவது விழுகிறதா, இல்லையா?” என்று கேட்பார். விழத்தான் செய்கிறது. அதனால் நமக்கு வாயடைத்துப் போகும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. பி.பி.சி. வானொலியில் முடிவுகள் வாசிக்கப்படும் நேரம். வீட்டில் ஸ்பூன் சத்தம் கேட்கக் கூடாது; இருமல் வந்தவர்கள் கொல்லைப்புறம் போக வேண்டும். 1974 முதல் 2013 வரை முடிவுகளை வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டன் டிராக்காரருக்குக் குலதெய்வம் போல. இரண்டாவது அணியின் பெயரை அவர் உச்சரிக்கிற தொனியிலேயே முடிவு தெரிந்துவிடும்: ஜெயித்திருந்தால் குரல் ஏறும், தோற்றிருந்தால் இறங்கும், டிரா என்றால் ஏறாமல் இறங்காமல் போகும். எண் வருவதற்குள் டிராக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தும் விடுவார், உட்கார்ந்தும் விடுவார்.

ஐந்து டிரா வரை வந்துவிட்டால் வேறொரு பிரச்சினை ஆரம்பிக்கும். பரிசுப் பணம் மொத்தமாக ஒரே குவியல். சரியாகச் சொன்னவர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சனிக்கிழமை டிராக்கள் அதிகமாகக் கொட்டிவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு 24 புள்ளி. பங்கு வந்து சேரும்போது பஸ் கட்டணத்துக்குத்தான் ஆகும். ஆகவே, வாரம் முழுக்க டிரா டிரா என்று ஜபித்தவர் இப்போது, தான் குறிக்காத ஆட்டங்களில் யாராவது ஜெயித்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார். அவருக்கு வேண்டியது நாட்டிலேயே எட்டு டிரா. அந்த எட்டும் அவர் குறித்த எட்டு. கடவுள் இவ்வளவு துல்லியமான விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஏழாவது ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு டிஃபண்டர் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே போய்விடும். அந்த டிஃபண்டரின் பரம்பரை முழுவதும் அன்றிரவு மதுக்கடையில் விசாரிக்கப்படும்.

ஆட்டமே நடக்காவிட்டால்? 1962–63 குளிர்காலத்தில் இங்கிலாந்து உறைந்து கிடந்தது. வாரக்கணக்கில் ஆட்டங்கள் ரத்து. பந்தயக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1963 ஜனவரியில் டாம் ஃபின்னி, டாமி லாட்டன் முதலிய முன்னாள் ஆட்டக்காரர்களையும் ஒரு நடுவரையும் லண்டனில் ஓர் அறைக்குள் உட்கார வைத்து, பிரபு ஒருவரைத் தலைவராக்கி, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு சொல்லச் சொன்னார்கள். முதல் நாளே 38 ஆட்டங்களுக்குத் தீர்ப்பு: அவற்றில் ஏழு டிரா. பந்து இல்லை, புல் இல்லை, கோல் இல்லை. டிரா மட்டும் உண்டு. டிராக்காரருக்கு இதில் துளியும் ஆச்சரியம் இல்லை. அவரும் நாற்பது வருடமாக ஒரு ஆட்டத்தையும் பார்க்காமல்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்?

கோடையில் இங்கிலாந்தில் ஆட்டம் கிடையாது. அப்போது கூப்பனில் ஆஸ்திரேலிய ஆட்டங்கள் வரும். வாயில் நுழையாத அந்த ஊர் அணிகளைப் பற்றியும் அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. இதில் ஒரு கொடுமை நடந்தது. 1990 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, எகிப்து நான்கும் ஒரே பிரிவு. ஆறு ஆட்டங்களில் ஐந்து டிரா! அயர்லாந்தும் நெதர்லாந்தும் எல்லாக் கணக்கிலும் சமமாக நின்று, யார் இரண்டாவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட பொற்காலம் நடந்த அந்த ஜூன் மாதத்தில் நம்மவர் ஆஸ்திரேலியாவோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நிரந்தர எதிரி ஒருவர் உண்டென்றால் அது முன்னாள் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில். வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று என்று இருந்தவரை, வெளியூருக்கு வரும் அணி கோல் வாசலில் பத்துப் பேரை நிறுத்தி ஒரு புள்ளியோடு திருப்தியாக ஊர் திரும்பும். 1978–79இல் நார்விச் சிட்டி 42 ஆட்டத்தில் 23 டிரா செய்து டிராக்காரரின் நெஞ்சில் குடியேறியதும் அந்தக் காலத்தில்தான். வெற்றிக்கு மூன்று புள்ளி கொடுத்தால் அணிகள் துணிந்து ஆடும் என்று ஹில் வாதாடினார். 1981இல் இங்கிலாந்து லீக் அதை ஏற்றுக்கொண்டது. உழைத்துச் சாப்பிடுகிறவன் வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்று டிராக்காரர் கொதித்தார். டிராக்கள் ஒன்றும் அழிந்து போய்விடவில்லை. பெரிய லீக்குகளில் இன்றும் ஏறக்குறைய நான்கில் ஓர் ஆட்டம் டிராதான்.

கடைசியில் படித்தவர்களும் வந்தார்கள். 1997இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள் கோல் கணக்கை வைத்து முடிவை ஊகிக்க ஒரு சூத்திரம் தந்தார்கள். இரண்டு அணிகளும் தனித்தனியாகக் கோல் போடுகின்றன என்று வைத்துக் கணக்கிட்டால் 0–0, 1–1 முடிவுகள் நிஜத்தில் வருவதைவிடக் குறைவாக வருகின்றன என்று கண்டு, அதற்கென்று தனியே ஒரு திருத்தம் சேர்த்தார்கள். கோல் குறைவான ஆட்டத்தில், பலம் சமமான அணிகளிடையே டிராவுக்கு வாய்ப்பு கூடும் என்பதும் உண்மை. எவ்வளவு கூடும்? நூற்றுக்கு முப்பதைத் தொட்டால் பெரிய காரியம். யாராவது ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆகவே நேர்மையான கம்ப்யூட்டரிடம் பத்து ஆட்டங்களுக்கு எது நடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், அநேகமாக ஒரு டிராகூடச் சொல்லாது. நான்கில் ஒன்று டிரா என்று அதற்குத் தெரியும். அந்த ஒன்று எது என்றுதான் தெரியாது. காரணம் எளிது. டிராவுக்காக ஆடுபவர் அநேகமாக யாரும் இல்லை. இரண்டு பேர் ஜெயிக்கப் பார்த்து, இரண்டு பேராலும் முடியாமல் போய், மிச்சம் விழுவது அது.

இரண்டு பேருமே டிராவை விரும்பினால் கதை வேறு. 2004 யூரோ கோப்பையில் டென்மார்க்கும் ஸ்வீடனும் 2–2 என்று முடித்துக்கொண்டால், இத்தாலி என்ன செய்தாலும் வெளியே போக வேண்டும் என்ற நிலை. இத்தாலியர்கள் முன்கூட்டியே கூப்பாடு போட்டார்கள். போர்ட்டோ நகரில் 89ஆவது நிமிடத்தில் ஸ்வீடன் சமன் செய்ய, ஆட்டம் 2–2. பேசிவைத்து ஆடியதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள், ஒரு தேசமே டிராவை கோல் கணக்கோடு சரியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதது.

1994 நவம்பரில் பிரிட்டனில் தேசிய லாட்டரி வந்தது. ஆறு எண்ணைக் குறித்தால் போதும். நார்விச்சும் வேண்டாம், மழையும் வேண்டாம். கூப்பன்கள் சுருங்கின, டிராக்காரரின் பேரன் இப்போது கைபேசியில் பந்தயம் கட்டுகிறான். அதில் டிரா ஆனால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ஒரு பிரிவுகூட உண்டு. தாத்தா தவம் கிடந்த காரியத்தை ஆட்டமே நடக்காததாகப் பாவித்துக் கணக்கை முடிக்கிறார்கள்! நைஜீரியாவில் அந்த வம்சம் இன்னும் வாழ்கிறது. இங்கிலாந்து நான்காம் பிரிவு அணிகளை நேரில் பார்த்தறியாத லாகோஸ் பெரியவர்கள், அவை எந்தச் சனிக்கிழமை டிரா செய்யும் என்று இன்றும் காகிதமும் பேனாவுமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முறை, பழக்கம் இரண்டும் அங்கும் நடப்பில் இருக்கின்றன.

இதைப் படித்த பிறகும் சபலம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த வாரம் பிரீமியர் லீக்கின் பத்து ஆட்டங்களில் இரண்டோ மூன்றோ டிரா ஆகும் என்று நீங்களே தைரியமாகச் சொல்லலாம், பாதிக்குப் பாதியாவது பலிக்கும். எந்த இரண்டு, எந்த மூன்று என்று ஒருவர் அடித்துச் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பர்ஸை உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது நிஜமாகவே தெரிந்தவர் உங்களைத் தேடி வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.