கால் சொட்டு

பதினொன்றாம் வகுப்பில் நான் பியூர் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, பிள்ளைக்கு உயிரியல் மேல் என்ன ஆசை என்று வீட்டில் பூரித்துப் போனார்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணக்கு கிடையாது. அவ்வளவுதான் ஆசை. அங்கிருந்து நேராக நர்சிங். தப்பித்தோம் என்று இருந்தவளை முதல் வார்டு போஸ்டிங்கிலேயே பிடித்துவிட்டது. 500 மி.லி. சலைன், 8 மணி நேரத்தில் போக வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. "நிமிஷத்துக்கு எத்தனை சொட்டும்மா?" என்றார் சீனியர் சிஸ்டர்.

அங்கிருந்த டிரிப் செட்டில் 20 சொட்டு விழுந்தால் 1 மி.லி. ஆக 500 மி.லி.க்கு 10,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 20.83, அதாவது 21. இன்று எழுதும்போது எவ்வளவு சமர்த்தாக வருகிறது! அன்று மணியை நிமிடமாக்க மறந்து, பத்தாயிரத்தை எட்டால் வகுத்து, "1,250 சொட்டு சிஸ்டர்" என்றேன். தெளிவாக, சத்தமாக.

"ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடவா?" என்றார் அவர்.

விடை தெரிந்துவிட்டால் மட்டும் முடிந்ததா? ஒரு நிமிடம் முழுக்க நின்று எண்ண நேரம் ஏது? பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவோம். 21-ஐ நான்கால் வகுத்தால் ஐந்தேகால். கால் சொட்டு எப்படி விழும் என்று சேம்பரை முறைத்தபடி நான் நின்றிருக்கிறேன். சக்கரத்தை மயிரிழை மேலே தள்ளினால் ஏழு, கீழே இறக்கினால் நாலு. ஒரு கண் சொட்டில், ஒரு கண் வாட்ச்சில், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டில் பாட்டி மருமகளை அதட்டினார்: "சிஸ்டர் ஜெபம் பண்ணுது, சும்மா இரு." நான் திருத்தவில்லை. அமைதி தேவைப்பட்டது. பிறகுதான் குழந்தைகள் வார்டில் மைக்ரோ செட் அறிமுகமானது. அதில் 60 சொட்டுக்கு 1 மி.லி. மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

இன்சுலின் கதை இத்தனை சிரிப்பானதல்ல. நம் ஊரில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு மூடி. படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஒரு காலை, 20 யூனிட் ஆர்டருக்கு, நாற்பது வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இருபதாம் கோடு வரை இழுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் வழிமறித்து வாங்கிப் பார்த்தார். சிரிஞ்சில் இருந்தது 0.2 மி.லி., அதாவது எட்டே யூனிட். "நீ எட்டு போடுவ. சுகர் இறங்கலைன்னு டாக்டர் டோஸை ஏத்துவார். நாளைக்குச் சரியான சிரிஞ்சோட வேறொருத்தி வருவா. அப்ப?" நூறு வயலைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால் அதே இருபதாம் கோட்டில் ஐம்பது யூனிட் இருந்திருக்கும். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

சரி, எனக்குக் கணக்கே வராதா? அப்படியும் சொல்ல முடியாது. எங்கள் வார்டில் ஏலச்சீட்டு ஓடுகிறது. இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்சம் சீட்டு. யாராவது பதினெட்டாயிரம் தள்ளி எடுத்தால், வாய் மூடுவதற்குள் தலைக்குத் தொள்ளாயிரம் கழிவு, கட்ட வேண்டியது 4,100 என்று சொல்லிவிடுவேன். நகைக்கடையில் சேதாரத்தைக் கடைக்காரருக்கு முன்னால் போட்டு முடிப்பேன். டோபமின் பம்ப் முன்னால்தான், கிலோவுக்கு, நிமிடத்துக்கு, மைக்ரோகிராம் என்று மூன்று சேர்ந்து வந்தால், ஆயிரத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று கை வியர்க்கிறது.

யோசித்துப் பார்த்தால் சீட்டில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. இருபது பேரும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள், இருபது விடையும் ஒன்றாக வந்தால்தான் பணம் கைமாறும். மருந்துக்கும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் நாங்கள் பார்க்கும் லட்சணம்? சிரிஞ்சைத் தூக்கிக் காட்டி, "நாலு மில்லி, சரிதானே அக்கா?" என்போம். அக்கா ரிஜிஸ்டரிலிருந்து நிமிராமல் "ம்" என்பார். அந்த "ம்"மை நானே எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்!

சென்ற மாதம் நைட் டூட்டியில் முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். காய்ச்சல் குழந்தை, 12 கிலோ, கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால் சிரப். "3.6 மில்லி வருது சிஸ்டர், கரெக்டா?" வாய் வரை வந்த "ம்"மை விழுங்கிக்கொண்டு, "விடையைச் சொல்லாதே, நான் தனியாப் போடறேன்" என்று பெரிய மனுஷியாகப் பேனாவை எடுத்தேன். 180 மி.கி. தேவை, ஐந்து மில்லியில் 120. ஏழரை மில்லி. பாதி டோஸ்கூட இல்லையே! திட்டுவதற்குத் தொண்டையைச் செருமினேன். இன்சுலினில் ஆரம்பித்துப் பொறுப்புணர்ச்சியில் முடியும் ஒரு நல்ல திட்டு கைவசம் இருந்தது.

அவள் பாட்டிலைத் திருப்பி லேபிளை என் கண் முன்னால் பிடித்தாள். ஐந்து மில்லியில் 250. ஸ்டாக் மாறியிருந்தது. நான் பழைய பாட்டிலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மறுபடியும் போட்டேன். 3.6 வந்தது.

"எனக்கும் அதேதான்" என்றேன், முதலிலிருந்தே எனக்கும் அதேதான் என்பதுபோல.