ஸ்ராட் ஆயிட்டுதோ தம்பி?

திருகோணமலையில் ஒருவருக்கு உத்தியோகம் இருக்கிறதென்றால் அதற்கு ஒரு கேற் இருக்கவேண்டும். துறைமுக அதிகாரசபைக்குக் கேற் உண்டு. சீனன்குடாவில் பிறிமா மா ஆலைக்கு உண்டு. கச்சேரிக்கு உண்டு, பள்ளிக்கூடத்துக்கு உண்டு. காலையில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய் ஒரு கேற்றுக்குள் நுழைகிறவன் உத்தியோகத்தன். மற்றவன் வீட்டில் இருக்கிறவன்.

உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் நம் தம்பி இரண்டாவது வகை. காலை எட்டு மணிக்கு எழும்பி, பல்லுத் தீட்டி, பாணும் சம்பலும் தின்று, சாமியறைக்குப் பக்கத்து அறையில் போய் இருந்து கதவைச் சாத்துவான். அந்தக் கதவுதான் அவனுடைய கேற். ஊருக்கு அது தெரியாது.

பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார் ஒருநாள் நேரே கேட்டார். தம்பியும் மரியாதையாக, "ஸ்டார்ட்அப் கொம்பனி ஒண்டில சொஃப்ட்வேர் எஞ்சினியர், மாமா" என்றான். சம்மாட்டியாருக்கு அதில் இரண்டு சொல் பிடிபட்டது: ஸ்ராட், எஞ்சின். இரண்டும் அவர் வாழ்க்கையில் அனுதினமும் மல்லுக்கட்டுகிற சாமான்கள். அன்று தொடக்கம் கடலுக்குப் போய்வரும் போதெல்லாம் வேலிக்கு மேலால் விசாரிப்பார்: "என்ன தம்பி, ஸ்ராட் ஆயிட்டுதோ?"

"இன்னும் இல்லை மாமா. காசு போட ஒராள் வரவேணும்."

"பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் பாத்தியோ?"

மூன்று வருடமாகக் கொம்பனிக்குக் கிடைத்த ஆலோசனைகளில் செலவில்லாதது அது ஒன்றுதான் என்று தம்பியே சொல்வான்.

கொம்பனியில் மொத்தம் ஐந்து பேர். கொழும்பில் ஒரு சி.ஈ.ஓ. மெல்பேர்னில் அவருடைய கூட்டாளி. வேலை பகுதிநேரம், கருத்து முழுநேரம். கண்டியில் படம் கீறும் பிள்ளை ஒன்று. பிறகு நம் தம்பி, பதவி 'ஹெட் ஒஃப் எஞ்சினியரிங்'. அந்தத் தலைக்குக் கீழே உடம்பாக இருப்பது கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பயிற்சிப் பெடியன் ஒருவன். அவனுக்குச் சோதனை வந்தால் தலை மட்டும் மிஞ்சும்.

தினமும் ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்அப் கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்வாய், எதில் இடறுப்பட்டு நிற்கிறாய் என்று மூன்று கேள்வி. பதினைந்து நிமிடத்தில் முடியவேண்டும் என்பதற்காக நின்றுகொண்டு பேசச் சொல்லி ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வருவார். "சூடை, கீரி, பாரை..." என்று கொழும்பு, கண்டி, மெல்பேர்ன் மூன்றுக்கும் ஒரேயடியாகக் கேட்கும். மைக்கை மூடு என்று முதல் மாதம் சி.ஈ.ஓ. கடிந்தார். இப்போது அவரே, "பாரை என்ன விலையாம்?" என்கிறார். கூட்டம் நேரத்துக்கு முடிகிறதென்றால் அது மீன்காரரின் புண்ணியம்.

என்ன செய்கிற கொம்பனி என்று கேட்டால்தான் சிக்கல். முதல் வருடம் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூஷன் செயலி. அது ஓடவில்லை. 'பிவொட்' செய்தார்கள், அதாவது, வள்ளத்தைத் திருப்பினார்கள். வீட்டுக்கு மீன் கொண்டுவந்து தரும் செயலி ஆயிற்று. மீன்காரர் வாசலிலேயே நிற்கும் ஊரில் அது எடுபடுமா? பிறகு உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு அறை பதியும் செயலி. இப்போது செயற்கை நுண்ணறிவு. நான்கு அவதாரத்துக்கும் உள்ளே இருக்கிற கோட் ஒன்றேதான். வெள்ளையடித்த வீட்டில் பழைய நிறம் அங்கங்கே தெரிகிறமாதிரி, அறை பதியவந்த ஜேர்மன்காரர் ஒருவரிடம் அது "உங்கள் பிள்ளை எந்த வகுப்பு?" என்று கேட்டுவிட்டது. அவரும் பொறுப்பாக, ஏழாம் வகுப்பு என்று பதிலெழுதியிருந்தார்.

2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து மூன்று மாதத்துக்குள் முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது ஊரின் பார்வை சட்டென்று மாறியது. 'கொம்பியூட்டர்ப் பெடியங்களுக்கு டொலரில சம்பளம்' என்ற கதை பரவிற்று. கல்யாணத் தரகர் வந்து விறாந்தையில் இருந்தார். கோயில் திருப்பணிக் கொப்பியில் அவன் பெயர் அவனைக் கேளாமலே ஏறிற்று. அவனுடைய சம்பளமோ சுத்தமான ரூபாய், அதுவும் அந்த மாதங்களில் பாதி. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் காசு போகும். பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய அந்த மார்ச் கடைசியில், ஜெனரேற்றர் ஓடுகிற விடுதி ஒன்றின் மூலையில் ஒரு தேசிக்காய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு மாலைவரை இருந்து வேலை பார்த்தான். "டொலர்க்காரன், ஹோட்டல்லதான் இருக்கிறான்" என்று ஊர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

அவனைச் சரியாக விளங்கிக்கொண்டவர் ஒரே ஒருவர்: துறைமுகத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். மாலையில் டச்சுக்குடாக் கரையில் கச்சான் கொறித்தபடி அவனுக்கு ஆறுதல் சொல்வார்.

"கவலைப்படாத மகன். இந்த ஊரே உன்ர கொம்பனி மாதிரித்தான். 1620இல டென்மார்க்காரன் வந்து பாத்தான், அருமையான இடமெண்டான், கோட்டை கட்டத் தொடங்கினான், போயிட்டான். பிறகு போர்த்துக்கீசன் கட்டினான். 1639இல ஒல்லாந்தன் பறிச்சான். 1782இல மட்டும், தை மாசம் வெள்ளைக்காரன் பிடிக்க ஆவணியில பிரெஞ்சுக்காரன் பறிச்சான். வந்த ஆக்கள் எல்லாரும் ஒரு சொல்லைத்தான் சொன்னாங்கள்: எதிர்காலம் இருக்கு. உங்கட ஆக்களும் அதைத்தானே சொல்லுறாங்கள்?"

"ஓம் ஐயா."

"எண்ணெய்த் தாங்கி தொண்ணூற்றொன்பது இருக்கு. அதை யார் யார் நடத்துறதெண்டு 2022 தையிலதான் பிரிச்சாங்கள். இந்தியன் எண்ணெய்க் கொம்பனிக்குப் பதினாலு, எங்கட கூட்டுத்தாபனத்துக்கு இருபத்துநாலு, அறுபத்தொண்டு ரெண்டு பேருக்கும் கூட்டு. கட்டினது வெள்ளைக்காரன், ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னமே. எத்தினை வருஷம் பாத்துக்கொள்."

இதைக் கேட்டுத் தம்பிக்கு ஆறுதல் வந்ததா தெரியாது. எனக்கு வந்திராது.

சம்பளம் பாதியானதற்கு ஈடாகக் கொம்பனி அவனுக்குப் பங்கு எழுதிக் கொடுத்தது. நூற்றுக்கு 0.5. நாலு வருடம் நின்றால்தான் முழுவதும் சேரும். முதல் வருடம் முடியமுன் விலகினால் சதமும் இல்லை. அம்மாவுக்கு 0.5 விளங்கவில்லை, ஆனால் 'பங்கு' விளங்கிற்று. காணி உறுதி மாதிரி ஒன்று மகன் பெயரில் வந்திருக்கிறது! அச்செடுப்பித்து, வெள்ளிக்கிழமை கோணேசர் பாதத்தில் வைத்து எடுக்கவேண்டும் என்று நின்றுவிட்டார்.

கோயில் கோட்டைக்குள்ளே. பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டினால் மான்கள். அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்களை அவற்றுக்கு நன்றாகத் தெரியும். செருப்பைச் சரிசெய்யத் தம்பி குனிந்த நேரம், ஒன்று வந்து தட்டில் இருந்த வெற்றிலையை இழுத்தது. வெற்றிலைக்குக் கீழே இருந்த கடிதமும் கூடவே போயிற்று. அம்மா கத்தி, தம்பி ஓடி, மீட்டெடுத்தபோது கையொப்பம் இருந்த மூலை மானின் வயிற்றுக்குள். மிச்சத்தை வைத்துப் பூசை நடந்தது. குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைக்குள் வந்துபோகும் கடதாசிகளின் நிலை அவருக்குப் புதிதில்லை.

திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப்பில், எதில் இடறுப்பட்டு நிற்கிறாய் என்ற கேள்விக்குத் தம்பி, மான் என்றான். சி.ஈ.ஓ. விழுந்து விழுந்து சிரித்தார். நல்லவேளை, புதிதாக ஒருவர் முதலீடு போட வந்திருக்கிறார், எல்லாருக்கும் எப்படியும் புதுக் கடிதம் வரும் என்றார். மாலைக்குள் வந்தது. தம்பி அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்தான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிபட்ட பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரலை ஓடவிட்டு வாசித்தார். பழையதில் 0.5. புதியதில் 0.35.

"எட தம்பி," என்றார், "மான் இவ்வளவு தின்னேல்லையே."