ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க ஒரு டைராடு எண்டு போதும்

வேண்டிய பொருள்கள்: பழைய மாருதி 800 ஒன்று, ஜாக்கி, ஸ்டாண்டு, ரிங் ஸ்பேனர், குறடு, கனமான சுத்தியல் இரண்டு, இனி கட்டமுடியாத ஒரு லுங்கி, வேலைவெட்டி இல்லாத எதிர்வீட்டுக்காரர் ஒருவர். கடைசிப் பொருளைத் தேடி அலைய வேண்டாம். வீலைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தானே வந்து கைகட்டி நின்றுகொள்ளும்.

நாள் பார்ப்பது முக்கியம். ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பியுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை சாத்தியிருக்க வேண்டும், மெக்கானிக் போனை எடுக்கக்கூடாது, சாயங்காலம் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு அதே காரில்தான் போயாக வேண்டும். இந்த மூன்றும் கூடிவராவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

1983 கடைசியில் சாலைக்கு வந்து, 2014இல் தயாரிப்பு நின்றுபோன கார் இது. இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பது எதுவானாலும் பத்து மழைக்காலத்துக்கு மேல் நனைந்திருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால், அடியில் இரும்பு எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்பது வண்டிக்கே தெரியாது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். இடுக்கில் பிறந்த துரு தனக்கு வேண்டிய இடத்தை நெருக்கியே பிடித்துக்கொள்ளும்.

வீல் நட்டுகளை வீல் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுந்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லை அடுக்கிவிட்டு அடியில் தலையை விடுகிறவர்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டு மெக்கானிக் கடை திறக்கும்வரை தூங்கலாம். இந்த ஒரு விஷயத்தில் கிண்டல் கிடையாது.

இப்போது ஆள் யாரென்று பார்ப்போம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்ளே ராக் இடமும் வலமும் நகரும். அதன் இரு முனையிலும் உள்ள தடிதான் டைராடு. அந்தத் தடியின் நுனியில் உட்கார்ந்து சக்கரத்தை இழுப்பதும் தள்ளுவதுமாக இருக்கும் பால் ஜாயிண்ட்டுக்குப் பெயர் டைராடு எண்டு. தேய்ந்துபோனால் பள்ளத்தில் ‘டக் டக்’ என்று முறையிடும். முறையீட்டை ஓராண்டாவது காதில் வாங்காமல் ஓட்டியிருந்தால்தான் நீங்கள் முறையான காரோட்டி.

காசில் நட்டின் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும். குறட்டால் இழுத்ததும் பாதி கையோடு வரும், மீதி உள்ளேயே தங்கும். பதற வேண்டாம், அதுதான் மரபு.

நட்டு கழன்றதும் உங்கள் மனம் மகிழ்ச்சியில் துள்ளும், வேலை முடிந்தது என்று தோன்றும். பிடித்திருப்பது நட்டு அல்ல. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்துவிட்டு, பிறகு பிரிக்கமுடியாமல் சமையலறையில் மல்லுக்கட்டுகிறோமே, அதே கதை. பால் ஜாயிண்ட்டிலிருந்து நீளும் ஸ்டட் ஒருபுறம் பருத்து மறுபுறம் மெலிந்தது, அது செருகியிருக்கும் ஓட்டையும் அப்படியே. சரிவு கொஞ்சமாக இருப்பதால் உராய்வே பூட்டுப் போட்டுவிடுகிறது. நட்டு அதை ஒருமுறை உள்ளே இழுத்துக் கொடுத்ததோடு சரி.

இந்த இடத்தில்தான் எதிர்வீட்டுக்காரர் வாய் திறப்பார். “சார், மண்டையில ஓங்கி ஒரு போடு போடுங்க!” போட்டீர்களானால் ஸ்டட்டின் நுனி நசுங்கி விரியும், மரை போகும். புதுசுதானே மாட்டப்போகிறோம், பழசு நசுங்கினால் என்ன என்றும் கேட்பார். விரிந்த நுனி ஓட்டை வழியாக வெளியே வராது என்பது அவருக்கு நாலு மணிக்கு மேல் புரியும். அதற்குள் மண்ணெண்ணெய், பிரேக் ஆயில், தேங்காயெண்ணெய் என்று வரிசையாக வைத்தியம் சொல்லியிருப்பார். எண்ணெய் மரைக்கு நல்லது, அதுவும் முந்தின ராத்திரியே விட்டிருந்தால். இறுகிய சரிவுக்குள் அது எங்கே நுழைவது? சூடு காட்டலாம் என்று யாராவது கேஸ் டார்ச்சோடு வந்தால் டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் இருக்கிறது, ஜாயிண்ட்டுக்குள் கிரீஸும் ரப்பரும் இருக்கின்றன.

கவை மாதிரியான உளியை இடையில் அடித்துச் சொருகுவதும் உண்டு. வேலை முடியும், ரப்பர் பூட்டும் கிழியும். தூக்கிப்போடும் எண்டு என்றால் பாதகமில்லை. வேறு வேலைக்காக நல்ல எண்டைக் கழற்றுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது.

அடிக்க வேண்டிய இடம் ஸ்டட் அல்ல, அதைப் பிடித்திருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் கண். நட்டை இரண்டு மூன்று மரையில் திரும்ப ஏற்றிவிடுங்கள். கண்ணின் ஒரு பக்கம் ஒரு சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கம் மற்றதால் நறுக்கென்று அடியுங்கள். வட்டமான கண் ஒரு கணம் நசுங்கி மீளும், அந்தக் கணத்தில் பிடி விடும். புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. அதை முறுக்கி வைத்துவிட்டு இதே இடத்தில் தட்டினால் ‘டங்’கென்று கழலும். யோசனை சொன்னது தான்தான் என்று எதிர்வீட்டுக்காரர் அறிவிப்பார். மறுக்காதீர்கள்.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும்: ஸ்டட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே டைராடின் லாக் நட்டைக் கால் சுற்று தளர்த்திவிடுவது உத்தமம். பிறகு தடி கையில் ஆடும், பிடிக்க ஆள் வேண்டும். எண்டு எங்கே இருந்தது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணுங்கள். யாருடனும் பேசாமல் எண்ணுங்கள்.

புதுசை மாட்டும்போது சரிவைத் துடைத்து, எண்ணெய்ப்பசை இல்லாமல் போடுங்கள். மதியம் முழுக்க அசைய மறுத்த அந்த இடம், இப்போது நட்டோடு சேர்ந்து தானும் சுற்றும். ஜாயிண்ட்டை ஓட்டைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் அடங்கும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம், புதுசு ஒரு டீயைவிட மலிவு. சுற்று எண்ணிப் போட்டிருந்தாலும் மறுநாளே அலைன்மென்ட் பாருங்கள். பார்க்காவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். டைராடு எண்டைவிட டயருக்கு விலை அதிகம்.