ஏற்கெனவே செய்து பழகிய புதுமை தேவை

அரசாங்கத்துக்குப் புதுமையின் மேல் தீராத காதல். 2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட்-அப் இந்தியா’ தொடங்கிய நாள் முதல் மேடைக்கு மேடை இதே பேச்சுதான்: இளைஞர்களே, கண்டுபிடியுங்கள், வாங்க நாங்கள் இருக்கிறோம். இருக்கிறார்கள்தான். ஒரே ஒரு சின்ன நிபந்தனை: அந்தப் பொருளை ஏற்கெனவே யாராவது வாங்கியிருக்க வேண்டும்.

நெய்வேலி பக்கத்து வடக்குத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக் முடித்த மகனும் அவரும் சேர்ந்து, கன்வேயர் ரோலர் பழுதாவதை முன்கூட்டியே சொல்லும் ஒரு கருவியைச் செய்துவிட்டார்கள். ஏதாவது ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு விற்கலாம் என்று டெண்டரைத் திறக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் ‘ஒத்த வேலை’ செய்த சான்று எங்கே? மதிப்பீட்டில் 80 சதவீத அளவுக்கு ஒன்று, இல்லாவிட்டால் 50 சதவீதத்துக்கு இரண்டு, அதுவும் இல்லையென்றால் 40 சதவீதத்துக்கு மூன்று. கூடவே மூன்றாண்டு சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-ல் கட்டுமானப் பணிகளுக்குச் சொன்ன அளவுகோல் இது. அணை கட்டுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி கண்ட டெண்டரிலும் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பெற்ற சான்றிதழோடு வா, அப்புறம் உனக்குப் பெண் பார்க்கலாம் என்கிற கதை.

“விலக்கு இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது. 2017 பொது நிதி விதிகளிலேயே இருக்கிறது: ஸ்டார்ட்-அப்களுக்கு முன் அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்தலாம், ஆனால் தரமும் தொழில்நுட்ப நிபந்தனையும் பொருந்த வேண்டும். அந்தத் தொழில்நுட்ப நிபந்தனையை எழுதுவது யார்? பழைய கம்பெனியின் கேட்டலாக்கைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிற கை. போதாததற்கு, பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம் போன்ற விஷயங்களில் அனுபவசாலியையே விரும்பலாம் என்று நிதி அமைச்சகத்தின் விளக்கம் வேறு. ஆபத்து எங்கே அதிகமோ, புதுமை எங்கே உண்மையிலேயே தேவையோ, அங்கேதான் கதவைச் சாத்தலாம் என்று அனுமதி!

பொதுப் பாதுகாப்பு என்றதும் இந்த வட்டாரத்துக்காரனுக்கு வேறு ஞாபகம் வரும். நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-ம் தேதி ஒரு பாய்லரில் வெடிப்பு. இரண்டு மாதம்கூட ஆகாமல் ஜூலை 1-ம் தேதி இன்னொன்றில். இரண்டாவது வெடிப்பில் அன்றைக்கே ஆறு பேர் போனார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகப் போனார்கள். காரணத்தைச் சொல்வது விசாரணைக் குழுக்களின் வேலை. ஆனால் அங்கே நின்றது நேற்று முளைத்த கம்பெனியின் சோதனைக் கருவி அல்ல. பல்லாண்டு அனுபவம் உள்ள பாய்லர்.

இந்த நெய்வேலியே பிறந்தது எப்படி? 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கியபோது, நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருந்த ஊற்றுநீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. மேலே கடினமான கடலூர் மணற்கல். அதை ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் எந்திரங்கள் கடிக்க வேண்டும். இந்த மண்ணில் அதற்கு ‘ஒத்த வேலை’ செய்தவன் எவன்? அன்றைக்கு, குறைந்த விலை கேட்டவனுக்கே டெண்டர் என்கிற ஒரு எல்-ஒன் அதிகாரி உட்கார்ந்திருந்தால் இங்கே இன்னும் முந்திரிக்காடுதான். அதுவே தேவலை என்பவர்களும் உண்டு. 2023 ஜூலையில் சுரங்க வேலைக்காக வளையமாதேவியில் விளைந்துவந்த நெல்லின் மேல் பொக்லைன் இறங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். வயலில் இறங்க மட்டும் யாருக்கும் கை நடுங்கவில்லை.

அதிகாரியை மட்டும் திட்டிப் பயனில்லை. பழைய சரக்கை வாங்கி அது பழுதானால் ஏனென்று கேட்க ஆளில்லை. புதுச் சரக்கு பழுதானால் ஆடிட் பாரா, விஜிலென்ஸ், கையெழுத்துப் போட்டவனுக்கு மெமோ. லஞ்சமே வாங்காவிட்டாலும், பொதுநலன் இல்லாமல் ஒருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம் என்ற பிரிவு 2018 வரை ஊழல் தடுப்புச் சட்டத்தில் இருந்தது. பிரிவு போய்விட்டது, பயம் பென்ஷன் வரை கூடவே வருகிறது.

வாங்கத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் இதே அரசுக்குத் தெரியும். எல்.இ.டி. பல்பை அரசின் எரிசக்திச் சிக்கன நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். மொத்தமாகக் கேட்டு வாங்கியபோது, 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. நிலாவுக்கு ஆளனுப்பக் கிளம்பிய அமெரிக்கா, சந்தையே இல்லாத சில்லுகளை முதல் ஆளாக நின்று வாங்கியது. இரண்டு இடத்திலும் அரசு மேடை போட்டுப் பேசவில்லை, ஆர்டர் கொடுத்தது.

இங்கே நாம் எதை வாங்கிக்கொண்டிருக்கிறோம்? சாக்கடைக் குழிக்குள் இறங்க மனிதனை. கேரள இளைஞர்கள் செய்த ‘பாண்டிகூட்’ ரோபோ 2018-லேயே கும்பகோணம் வரை வந்துவிட்டது. மலக்குழிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கத் தடை விதித்த சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அப்படியும் சாவுக் கணக்கில் முன்வரிசையில் நிற்கிறது நம் மாநிலம். காரணம் எளிது: ரோபோவுக்கு லட்சக்கணக்கில் விலை, ஆளுக்கு ஒரு கயிறும் ஒரு நாள் கூலியும் போதும். எல்-ஒன்னில் ஜெயிப்பது எப்போதும் கயிறுதான். மூச்சுமுட்டிச் செத்தவனின் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொகை எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. ஏறினால் கயிறு தோற்றுவிடுமே!

அடுத்த டெண்டரில் புதுமை, ஊக்குவிப்பு என்று முகவுரை எழுத வேண்டாம். உயிரின் விலையை எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். அப்புறம் கவரைப் பிரியுங்கள், யார் எல்-ஒன் என்று பார்ப்போம்.