ஈசான மூலையில் பாய்லர்

ரெடிங், ஸ்லவ், மில்டன் கீன்ஸ் பக்கம் சனிக்கிழமை காலையில் போனால், விற்பனைப் பலகை நட்ட வீட்டு வாசலில் ஒருவர் கைபேசியை உள்ளங்கையில் தட்டையாக ஏந்தியபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அவர்தான் நம்மாள். வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார். தோட்டம் தெற்கு பார்த்தது, வெயில் கொட்டும் என்று எஸ்டேட் ஏஜெண்ட் பூரிக்கிறான். அப்படியானால் வாசல் வடக்கு, குபேர திசை, சரி. உள்ளே போனால் பாய்லர் ஈசான மூலையில் தொங்குகிறது. "லவ்லி, லவ்லி" என்று எல்லா அறையிலும் சொல்லிவிட்டு, காரில் ஏறியதும் மனைவியிடம் "இது வேண்டாம்" என்கிறார்.

நம்மாள் ஐ.டி.யில் இருக்கிறார். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் மிச்சம் இரண்டே கால் வருடம். வேலை போனால் அடுத்த ஸ்பான்சரைத் தேட 60 நாள் கிடைக்கும். கேட்டிருக்கும் மார்ட்கேஜோ 35 வருடத்துக்கு. இந்த இரண்டு கணக்கையும் அவர் ஒரே எக்செல் தாளில் போடுவதில்லை.

கடன் கிடன் இல்லாத பையன் என்றுதான் ஊரில் பெண் கொடுத்தார்கள். அதே ஒழுக்கத்துக்கு இங்கே கிரெடிட் ஸ்கோர் பாதாளத்தில் கிடக்கிறது. வாங்கித் திருப்பிக் கட்டினால்தான் நம்புவார்கள். எனவே சம்பளம் வங்கியில் தூங்க, பாலும் கொத்தமல்லியும் கிரெடிட் கார்டில் வருகின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஸ்கோர் ஏறும் என்று யாரோ சொன்னதும் அன்றிரவே பதிந்துவிட்டார். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு, விசாவில் இருந்தாலும், பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு. தொகுதியில் யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார். எத்தனை புள்ளி ஏறியது என்று கேளுங்கள், டக்கென்று சொல்வார்.

பிரிட்டிஷ் அரசியலில் அவருக்கு மனப்பாடமான தேதி ஒன்றுதான்: 2022 செப்டம்பர் 23. நிதியமைச்சர் குவாசி குவார்டெங் மினி பட்ஜெட் வாசித்த நாள். அடுத்த சில நாட்களில் வங்கிகள் கடன் திட்டங்களை நூற்றுக்கணக்கில் சுருட்டிக்கொண்டன. நம்மாள் முதன்முதலில் மனசு வைத்த வீடு அப்போதுதான் கைநழுவிப் போயிற்று. கையிலிருந்த வங்கியின் உத்தேச ஒப்புதல் கடிதத்துக்கு ஆயுள் 90 நாள். லிஸ் டிரஸ் பிரதமராக இருந்தது 49 நாள். "பிரதமரைவிட என் லெட்டர் கெட்டி" என்று எந்தப் பிறந்தநாள் விழாவிலும் சொல்லிவிடுவார். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்.

ஃபிளாட்டும் பார்த்தார். 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் பெரும்பாலான புதிய லீஸ்களில் நில வாடகை வருடத்துக்கு ஒரு மிளகுதான், சட்டமே அப்படி. மிளகு தேடி நம் கரைக்குக் கப்பலில் வந்தவர்களின் ஆசை இன்னும் அடங்கவில்லை போலும். ஒரு மிளகு என்ன, ஒரு படியே தரலாம் என்று குளிர்ந்துபோன நம்மாள், அடுத்த பக்கத்தில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்ததும் மூன்று படுக்கையறை செமி-டிடாச்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

டெபாசிட்டுக்கு அப்பா ஊரில் நிலத்தை விற்றுக் கொடுத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டருக்குக் காட்ட வேண்டும். அதோடு ஒரு கடிதமும்: இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்.

"நான் எப்படா உங்கிட்ட பங்கு கேட்டேன்?"

"வக்கீல் கேக்குறாங்கப்பா, எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்."

"அப்பன் புள்ளைக்குக் கொடுக்குறதுக்கு எவனாவது எழுதி வாங்குவானாடா?"

போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் போனை அம்மாதான் எடுத்தாள். சொலிசிட்டரோ விடுவதாக இல்லை. கிரயப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டார். கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னாரின் புஞ்சை, வடமேற்கு மூலையில் வேப்பமரம் என்று நான்கெல்லையும் பிசகாமல் போயிற்று. அந்த மரமும் விற்பனையில் சேர்த்தியா என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது.

இத்தனையும் தாங்கிய மனிதர் சாய்ந்தது ஸ்டாம்ப் டியூட்டியில். முதல் வீடு வாங்குகிறவருக்கு 3 லட்சம் பவுண்டு வரை வரி கிடையாது, அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து இதுதான் கணக்கு. 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு வெறும் 5,000. இதை வைத்துத்தான் எக்செல் போட்டிருந்தார். ஆனால் முதல் வீடு என்றால் உலகத்திலேயே முதல் வீடாக இருக்க வேண்டுமாம். மனைவி பெயரில், கல்யாணத்தின்போது மாமனார் எழுதிக்கொடுத்த பெருங்குடி ஃபிளாட் இருக்கிறது. கணவன் மனைவியில் யார் பெயரில் இருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், 40,000 பவுண்டுக்குக் குறையாத வீடு ஒன்று இருந்துவிட்டால் சலுகை போச்சு; 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதம் கூடுதல் வரியும் சேரும். ஐயாயிரம் என்று இருந்தது 30,000 பவுண்டு ஆயிற்று. வித்தியாசத்தை ரூபாயில் பெருக்கினார். கால் கோடியைத் தாண்டியது. சீர்வரிசைக்கு இங்கிலாந்து கஜானா வரி போடும் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லை.

"அந்த ஃபிளாட்டைப் பேசாம வித்துட்டா..." என்று இரவு மெல்ல ஆரம்பித்தார்.

"எங்கப்பா கொடுத்த வீட்டை வித்துட்டு உங்க வீட்டை வாங்கணுமா?"

வரியைக் கட்டுவது என்று முடிவாயிற்று. சண்டையோடு ஒப்பிட்டால் முப்பதாயிரம் மலிவுதான். இது என் கணக்கு, அவருடையதல்ல.

கடைசியில் அமைந்த வீட்டிலும் பாய்லர் ஈசானத்தில்தான். ஆனால் கென்ட்ரிக் பெண்கள் பள்ளி அருகில். நுழைவுத் தேர்வு எழுதி 11 வயதில் சேர வேண்டிய கிராமர் பள்ளி அது. மகளுக்கு இப்போது நான்கு. நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் வாஸ்து கண்டும் காணாமல் போய்விடுகிறது.

ஆஃபரை ஏற்றுக்கொண்டோம் என்று விற்பவர் சொன்ன பிறகும் ஒப்பந்தம் கைமாறும்வரை யாரும் பின்வாங்கலாம் என்பதால், ஐந்து மாதம் நம்மாள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு லட்சம் அட்வான்ஸைக் கையில் திணித்துப் பேச்சை முடிக்கிற ஊர்க்காரருக்கு இது பெரிய தண்டனை. சாவி தரும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்ததில் மாமியாருக்குத் திருப்தி. பத்தே முக்காலுக்குப் பணம் வந்துவிட்டது, சாவி தயார் என்று ஏஜெண்ட் அழைத்தான். பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். அது கிரீன்விச் நேரமா, சம்மர் டைமா என்று காலண்டரில் போடவில்லை. டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்று ஏஜெண்ட் அலுவலகத்துக்கு எதிரே காரில் உட்கார்ந்தபடியே சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றேகாலுக்கு உள்ளே போனார்.

பால் காய்ச்சியதும் வீடியோ அழைப்பில் மாமியாருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஹால், தோட்டம், மாடிப்படி. எண்பதுகளின் அலங்காரம் இன்னும் மாறாத வீடு. குளியலறைக் கதவைத் திறந்ததும் மாமியார் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"மாப்பிள்ளை, கக்கூஸ்ல ஜமக்காளம் விரிச்சிருக்கே, யாராச்சும் விருந்தாளி வர்றாங்களா?"