ஐரிஸ் வளர்க்கும் கனவான்

மதுரையில் மல்லிகை வளர்ப்பவரைப் பற்றி எழுதுவதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. கார்த்திகையில் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்து, உரம் வைத்துவிட்டு, பாக்கியை வெயிலிடம் ஒப்படைத்துவிடுவார். மாசி பங்குனியில் அது மொட்டு வைத்துவிடும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் யாதொரு கர்வமுமின்றி மாலைதோறும் மலர்ந்துகொண்டிருக்கிறது. நாம் தரிசிக்க வேண்டியவர் வேறு ரகம். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, கே.கே. நகரில் மொட்டைமாடியோடு வீடு கட்டி, மே மாதத்தில் குடும்ப சமேதராய்க் கொடைக்கானல் மலர்க் கண்காட்சிக்குப் போய், அங்கே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நீலமாய்ப் பூத்துநின்ற ஐரிஸைக் கண்டு மதிமயங்கி, அதன் கிழங்கொன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாரே, அவர்தாம்.

ஐரிஸ் குளிர்தேசத்துப் பிரஜை. சில வாரங்கள் நன்றாக நடுங்கினால்தான் மொட்டுவிடும் எண்ணமே அதற்கு உதிக்கும். 7,000 அடி உயரத்தில் இருந்ததைக் கொண்டுவந்து, மார்கழி இரவிலும் மின்விசிறி சுழலும் ஊரில் வைத்தால் அது என்ன செய்யும்? நம்மவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. வெயில் படக்கூடாதென்று முதலில் கிழங்கை ஆழப் புதைத்தார். முதுகு வெளியே தெரிய நட வேண்டிய கிழங்கு அது. பிறகு கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரந்தோறும் ஊற்றினார். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் மிகும் என்ற சாஸ்திரத்துக்கு இணங்க, இலை மட்டும் அமோகமாக வளர்ந்தது. கடைசியில், குளிர்தானே வேண்டும் என்று கிழங்கைப் பறித்துக் குளிர்சாதனப் பெட்டியில், தோசைமாவுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே குடியேற்றினார்.

"ஏங்க, இந்த இஞ்சி என்ன வாடையே இல்லாம இருக்கு?" என்று ஒரு காலை அம்மாள் அரிவாள்மனையில் அமர்ந்தபடி கேட்டபோது, அவர் பாய்ந்துசென்று தடுத்தார். அது வயிற்றைக் கெடுக்கும் நச்சுக்கிழங்காதலால் குடும்பமே அன்று பிழைத்தது என்பது வாஸ்தவம். ஆனால் அவர் பதறியது கிழங்குக்காகவே.

இத்தனை பிரயாசையும் பூவுக்காகத்தான் என்று எண்ணுவது அவரை அறியாதவர் பேச்சு. பூத்துவிட்ட செடியைப் பற்றி 'அழகாயிருக்கிறது' என்பதற்குமேல் எவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பூக்காத செடியோ, மாலை நேரத்தில் நாலு பேரை மாடிக்கு வரவழைத்து, மண்ணைக் கிள்ளி முகரச் செய்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வைத்து, எட்டு மணிவரை சபையைக் கலையவிடாமல் காக்கும் சாமர்த்தியம் உடையது. அதே மாடியின் மூலையில், பழைய வாளியொன்றில் அம்மாள் வைத்த மல்லிகை பூஜைக்கும் போதுமான அளவு பூத்துக் கொண்டையிலும் ஏறிவிடுகிறது. "அது தானா பூக்குது, அதில் என்ன இருக்கு?" என்பது அவர் அபிப்பிராயம்.

அவர் வீட்டுப் பக்கம் போக நேர்ந்தால், 'பூத்ததா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'இலை மஞ்சள் பாய்ந்திருக்கிறதே?' என்று கவலையோடு கேளுங்கள்; காப்பி நிச்சயம்.