கேக்குதா மாமா

கூமாப்பட்டியில் எங்கள் மாமா வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் ஒரு சதுரம் இருக்கிறது. ஒரு ஆள் நிற்கலாம். கொஞ்சம் தொப்பை இருந்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பக்கத்து வீட்டு வாத்தியாரின் வைஃபை அந்தச் சதுரம் வரைக்கும் வருகிறது. அங்கிருந்து ஒரு எட்டு நகர்ந்தால் மூன்று கோடு ஒரு கோடாகும். இரண்டு எட்டு நகர்ந்தால் வெளியுலகத் தொடர்பு முடிந்தது, எதிரே மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

காலை ஏழு மணிக்குக் காபி குடித்த கையோடு மாமா அங்கே ஏறிவிடுவார். இடுப்பில் கைலி, தோளில் துண்டு, கையில் போன். காதில் வைத்துப் பேசுகிற வழக்கமெல்லாம் கிடையாது. வாய்க்கு நேராக, ஆரத்தித் தட்டு மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

“கேக்குதா?”

“...”

“இப்ப கேக்குதா?”

“...”

“இப்ப?”

தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். வயலுக்குப் போகிறவர்கள் நின்று, “கேக்குது மாமா” என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். திருப்பூரில் இருக்கும் அவர் மகளுக்கு மட்டும் கேட்காது.

இப்படி ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் ஊரில் அவர் பெரியப்பாவாக இருக்கலாம், ரிட்டயர்டு கிளார்க்காக இருக்கலாம். போன் பேசலாம், ஆனால் அதற்குக் காசு கொடுப்பது குலத்துக்கே இழுக்கு என்று நினைக்கிற ஜாதி. கையில் காசில்லாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் மாமாவுக்கு நாலு ஏக்கர் தென்னை இருக்கிறது. கோயில் கொடைக்கு முதல் ஆளாகக் கொடுப்பார். டீக்கடையில் கூட இருப்பவர் பர்ஸை எடுக்க விடமாட்டார். போன்காரனுக்கு மட்டும் ஒரு பைசா கொடுத்தாலும் தோற்றுப்போன மாதிரி முகம் சுண்டிவிடும்.

ஓசி என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனிக் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாதாம். ‘கம்பெனி வேலை’ என்று அர்த்தம் வரும்படி ஓ.சி.எஸ். என்று மூன்று எழுத்தைக் குத்தி அனுப்புவார்களாம். அதுதான் தேய்ந்து ஓசி ஆனதாம். மாமாவிடம் இதைச் சொன்னேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “பாத்தியா மாப்ளே, ஓசி பொறந்ததே தபால் தந்தி இலாகாவுலதான்!”

மாமாவின் ஆரம்பப் பயிற்சி வத்திராயிருப்பு எஸ்.டி.டி. பூத்தில் நடந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண் ஓடும் மீட்டர். ராத்திரி நேரமானால் கால் கட்டணம் என்பதால் ஊரே தூங்கின பிறகு அங்கே வரிசை நிற்கும். மாமா மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். “எல்லாரும் சொகம். அப்பாவுக்கு இருமல் தேவலை. நெல்லு அறுத்தாச்சு. வைக்கேன்.” மறுமுனையில் இருப்பவருக்கும் வாய் இருக்கிறது, அவரும் ஏதாவது சொல்லக்கூடும் என்கிற நினைப்பே வந்ததில்லை.

1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமைக் கூப்பிட்டு இந்தியாவின் முதல் செல்போன் பேச்சைத் தொடங்கிவைத்தார். நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போன காலம். கூப்பிடுகிறவர் மட்டுமல்ல, எடுக்கிறவரும் காசு கட்ட வேண்டும். பேப்பரில் படித்த மாமா கொதித்துப்போனார். “வீடு தேடி வந்த போனுக்கும் காசா? பந்தியில உக்காந்தவன்கிட்ட எலைக்கு வாடகை கேக்குற மாதிரில்ல இருக்கு!” 2003இல் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு செல்போன் வாங்கினார். வாங்கியது பேசுவதற்கு அல்ல, பிறர் பேசுவதைக் கேட்பதற்கு.

அதன் பிறகு வந்த சில வருஷங்களை மிஸ்டுகாலின் பொற்காலம் என்பேன். மாமாவின் குடும்பத்தில் அதற்கு இலக்கணமே இருந்தது. ஒரு ரிங் என்றால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு என்றால் பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டது, வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்கு வா. மூன்று என்றால் அத்தைக்கு: உலையை வை, கூட ஆள் வருகிறது. நாலாவது ரிங்குக்கு அர்த்தம் கிடையாது. அது யாரோ எடுத்துவிடக்கூடிய ஆபத்தான பிரதேசம். மிஸ்டுகாலை அவசரப்பட்டு எடுத்துவிடுகிறவனை மாமா மன்னிக்கவே மாட்டார். மகளுக்கு வந்த ஒரு வரனை அவர் தட்டிக்கழித்தபோது காரணம் கேட்டேன். “ரெண்டாவது ரிங்குல எடுக்கான் மாப்ளே. குடும்பத்துக்கு ஆக மாட்டான்.”

2006இல் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுக்க நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்றது. 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்றது. அன்றிலிருந்து மாமா ‘ஹலோ’ சொல்வதை விட்டுவிட்டார்; ஒரு பைசா போகிறதே.

2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்து, இனி யாரும் பேசுவதற்குக் காசே கொடுக்க வேண்டாம் என்றதும் நாடே கொண்டாடியது. மாமா மட்டும் இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது புரியவில்லை. எல்லாருக்கும் ஓசி என்றால் ஓசிக்கு என்ன மரியாதை? ஊருக்கே மழை பெய்தால் பம்புசெட்டுக்காரனை யார் தேடுவார்கள்?

அவரைக் காப்பாற்றியது அவருடைய பழைய போன். மகன் கழித்துப்போட்ட மூன்றாம் தலைமுறை மாடல். புது சிம் அதில் நேராக வேலை செய்யாது. அதற்கு ஒரு வழி இருந்தது: ஜியோஃபை என்று ஒரு சின்ன டப்பா. சிம்மை அதற்குள் போட்டு, போனில் ஜியோ4ஜிவாய்ஸ் என்ற ஆப்பை இறக்கிக்கொண்டால், இண்டர்நெட் வழியாகவே எந்த நம்பருக்கும் பேசலாம். ஓசியாகப் பேசுவதற்கு டப்பாவுக்குச் செலவழிப்பானேன் என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை. உலகத்துக்குச் சும்மா கிடைப்பதைத் தான் மட்டும் சுற்றி வளைத்து அடைய ஒரு பாதை கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

2018இல் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ வந்தது. சிம்மே வேண்டாம். பத்து இலக்க நம்பர் ஒன்று கொடுத்தார்கள்; எங்கே யாருடைய வைஃபை கிடைத்தாலும் ஆப்பைத் திறந்து லேண்ட்லைனுக்கும் செல்லுக்கும் பேசலாம். அப்போது வருஷத்துக்கு 1,099 ரூபாய், வரி தனி. ‘யாருடைய வைஃபை கிடைத்தாலும்’ என்ற வரியை மாமா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு மனக்கணக்குப் போட்டார். “ஒரு நாளைக்கு மூணு ரூவா விழுது. அப்ப தெனம் மூணு ரூவாய்க்குப் பேசியே ஆகணும்.”

பதினைந்து வருஷமாக ரிங்கோடு நிறுத்திக்கொண்ட மனுஷன் பேச ஆரம்பித்தார். கோவில்பட்டி ஒன்றுவிட்ட அண்ணன், ராஜபாளையம் மில்லில் கூட வேலை பார்த்தவர், எந்தக் காலத்திலோ வெள்ளாட்டை விற்ற தரகர் என்று ஒருவர் பாக்கியில்லை. ராங் நம்பரில் ஒரு சேலத்துக்காரர் அகப்பட்டார். அவருக்கும் மாமாவுக்கும் இன்று வரை பழக்கம். மூன்று ரூபாயைப் பிடித்த பிறகுதான் மாடியிலிருந்து இறங்குவார்.

இப்போது அவர் போனில் இருப்பது வேறு ஆப். யாருடையது என்பது நமக்கு வேண்டாம். எல்லா ஆப்பும் செய்கிற வேலை ஒன்றுதான். நம் குரலை வழக்கமாக நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி இண்டர்நெட்டில் ஏற்றிவிடும். அந்தப் பக்கத்தில் வரிசையாக எடுத்துக் கோக்க வேண்டும். ஒரு பொட்டலம் பிந்தி வந்தால் காத்திருக்க நேரமில்லை. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடிதம் என்றால் பிந்தி வந்தாலும் படிக்கலாம். பேச்சு அப்படியல்ல. வாத்தியார் வீட்டுப் பையன் கிரிக்கெட் பார்க்கிற நேரத்தில் மாமாவின் பொட்டலங்களுக்கு வழி கிடைக்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் தன் மாமியாரைப் பற்றித் திருப்பூரிலிருந்து சொன்னது: “அத்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், சாப்பாடு எறங்கல, இப்ப பயம் ஒண்ணும் இல்லை.” மொட்டைமாடியில் வந்து இறங்கியது: “அத்தை... ரெண்டு நாளா... இப்ப... இல்லை.”

மாமா துண்டை வாயில் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார். திருப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘துக்கத்தைக் கேட்டபிறகு போன்ல என்ன பேச்சு’ என்று கார் பிடித்தார். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விட்டு ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. எங்கள் அத்தை வழி நெடுக அழுதுகொண்டு வந்தாள். திருப்பூரில் மணி அடித்ததும் கதவைத் திறந்தது சம்பந்தியம்மாள்தான். காய்ச்சல் விட்ட முகம், கையில் கஞ்சித் தம்ளர்.

மாலையோடு நின்ற மாமாவைப் பார்த்து, “என்ன சம்பந்தி இது?” என்றிருக்கிறார்கள்.

மாமா அசரவில்லை. “ஆண்டாள் கோயில் மாலைங்க. ஒடம்பு சரியில்லன்னு கேட்டோம், அதான் அம்மாகிட்ட வேண்டிக்கிட்டுக் கொண்டாந்தோம்.” சம்பந்தியம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி, கழுத்திலும் போட்டுக்கொண்டார்கள். போட்டோ இருக்கிறது. எந்த ஊரில் மாலை வாங்க வேண்டும் என்று தெரிந்தவர் எங்கள் மாமா.

கார் வாடகை எவ்வளவு என்று நான் கேட்டேன். “போன் செலவு ஒண்ணும் இல்லல்ல?” என்றார்.

2019 அக்டோபரில் ஜியோ, வேறு கம்பெனி நம்பருக்குப் பேசினால் நிமிஷத்துக்கு ஆறு பைசா என்றபோது அவர் முகத்தில் பழைய களை திரும்பியது. மிஸ்டுகாலுக்கு மறுபடி வேலை வந்தது. 2021 ஜனவரி 1ஆம் தேதியோடு அந்த ஆறு பைசாவும் போனது, களையும் போனது.

பிறகு 2025 ஜூன் மாதம் அந்த ரீல்ஸ் வந்தது. “ஏங்க...” என்று ஆரம்பித்து எங்கள் ஊர்த் தண்ணீரையும் மலையையும் காட்டி ஒரு பையன் கூப்பிட, தமிழ்நாடே கூமாப்பட்டி எங்கே என்று தேடியது. வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். அத்தைக்கு இதில் பெரிய ஆதங்கம். “நாப்பது வருசமா இதே ஊர்ல நானும்தான் ‘ஏங்க, ஏங்க’ன்னு கூப்புடுதேன். மாடியில நிக்கிற இந்த ஒரு மனுசன் எறங்கி வந்தாரா?”

மாமாவுக்கு அன்றைக்குத்தான் யோகம் அடித்தது. பல வருஷமாகத் தன் ரிங்கை மதிக்காத சொந்தமெல்லாம் அவரைக் கூப்பிட்டது. சென்னையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, ஒருவர் சிங்கப்பூரிலிருந்து. “மாமா, பிளவக்கல் அணையில தண்ணி கெடக்கா?” எல்லாமே வருகிற அழைப்பு. மாமா வாய் ஓயாமல் பேசினார். ‘வாங்க’ என்று சொல்லக் காசா பணமா? நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பார்.

வந்துவிட்டார்கள்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வேன். பதினேழு பேரை அத்தை எண்ணினாள். அதற்கு மேல் எண்ணாமல் அரிசியைக் களைந்தாள். மரத்திலிருந்து இளநீர் இறங்கியது. திரும்பும்போது ஆளுக்கு அரைக் கிலோ பால்கோவா கட்டிக்கொடுக்காமல் அனுப்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அடுத்த ஞாயிறும் ஒரு வேன். இத்தனைக்கும் வந்தவர்கள் அணையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மாமா வீட்டுத் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் நான் கூப்பிட்டேன். எடுத்தார்.

“மாமா, நல்லாருக்கீங்களா?”

“கேக்கல மாப்ளே.”

“இப்ப கேக்குதா?”

“இப்பவும் கேக்கல.”

கூமாப்பட்டிக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிளவக்கல் அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை, நீர்வளத்துறையே சொல்லியிருக்கிறது. எங்கள் மாமா வீட்டுக்குப் போனால் வைஃபை பாஸ்வேர்டு மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது.